குட்டி சூப்பர் ஹீரோ வந்தாலே குழந்தைகள் முகம் சுளிக்கிறார்கள்: ஸ்டோரி ரீலில் எங்கே கை வைப்பது?

வெட்டுமேசை (குன்னூர்)

வணக்கம். நம்ம மலையிலேயே நடக்கிற ஒரு 22 நிமிட அனிமேஷன் படம் எடிட்டிங்குக்கு வந்திருக்கிறது. சிறு குழு செய்தது. பிளெண்டர் மென்பொருளில் க்ரீஸ் பென்சில் என்ற வரைகருவியால் வரையும் 2டி. நொடிக்கு 24 ஃப்ரேம், இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு படம். முழுக் கதைக்கும் ஸ்டோரி ரீல் (பென்சில் கோட்டுப் படங்களை வரிசையாக ஓட்டும் முன்வரைவு), தற்காலிகக் குரலோடு தயார். கடைசி 3 நிமிட ரயில் காட்சி மட்டும் முழுதாக வரைந்து வண்ணமும் போட்டாகிவிட்டது.

கதை இதுதான். முகில், 9 வயது. பாட்டியோடு இருக்கிறான், அரை ஏக்கர் தேயிலை. நீலகிரிப் பழங்குடியான தோடரின் கோயில் ஒன்றுக்குள் புகுந்து ஒரு கல்லைத் தொட்டதும் மூடுபனியை இழுத்துச் சேர்க்கவும் விரட்டவும் சக்தி வருகிறது. முதல் 4 நிமிடம் முழுக்க அவன் சக்தியைக் காட்ட, ஊரே வாயைப் பிளக்கிறது. கூடவே ஒரு காட்டெருமைக் கன்று. அதன் காதைத் திருகுவதும் வாலைப் பிடித்து இழுப்பதும் நகைச்சுவை. முடிவில் மண்சரிவை நோக்கி மேலே ஏறிக்கொண்டிருக்கும் மலை ரயிலைப் பனியால் ஒரு சுவர் எழுப்பி ஒற்றை ஆளாக நிறுத்துகிறான்.

குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினால், கன்று வரும்போது சிரிக்கிறார்கள். முகில் வந்தால் நெளிகிறார்கள். "ரொம்ப சீன் போடறான்", "கன்னுக்குட்டிய ஏன் இழுக்கறான்?" என்ற இரண்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவை. ரயில் காட்சி வருவதற்குள் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். கோளாறு கதையிலா, முகத்திலா, குரலிலா? ரயில் காட்சியைத் தூக்கிப் போடாமல் சரிசெய்ய வழி உண்டா? மாடல் ஷீட்டையும் (முகிலின் முகம், உடல் அளவு வரைந்த தாள்) சில ஷாட்களையும் இணைத்திருக்கிறேன்.

கதைப்பலகை (கொடைக்கானல்)

முதலில் கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்துவிடுங்கள். ரீலை ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். அடுத்த முறை திரையை மறைத்துவிட்டுக் குரலை மட்டும் கேளுங்கள். ஒலி இல்லாமலே பையன் எரிச்சலூட்டினால் முகபாவம், உடல் நிலை, கேமரா ஆகியவற்றில் வேலை இருக்கிறது. குரலை மட்டும் கேட்கும்போது எரிச்சல் வந்தால் வசனமும் குரல் நடிப்பும். தனித்தனியாக இரண்டும் பரவாயில்லை, சேர்ந்தால் கசக்கிறது என்றால் கதையமைப்புதான். உங்கள் ரீலில் மூன்றுமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் என்று படுகிறது, ஆனால் பெரிய பங்கு கதையமைப்புக்கு.

குறும்புக்காரப் பிள்ளையைக் குழந்தைகள் வெறுப்பதில்லை. பொய் சொல்லலாம், எடுத்துத் தின்னலாம், வீட்டுப்பாடம் எழுதாமல் ஓடலாம், எல்லாவற்றுக்கும் மன்னிப்பு உண்டு. தன்னைவிடச் சிறிய உயிரைப் படுத்துவதை மட்டும் மன்னிக்க மாட்டார்கள். அதைச் செய்தவனுக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்றால் இன்னும் கோபம். அதற்கு மேலே பெரியவர்கள் எல்லாரும் அவனைக் கொண்டாடினால் தீர்ந்தது. முதல் 4 நிமிடத்தில் ஊரார் புகழும் வரிகளை எல்லாம் வெட்டுங்கள், ஒன்றுகூட வேண்டாம். திரையில் யாராவது ஒருவனைப் புகழ்ந்தால் பார்ப்பவன் மனம் அவனிடம் குறை தேட ஆரம்பிக்கும். நியாயமில்லாமல் ஒருவர் திட்டினால் அதே மனம் அவன் பக்கம் சாயும்.

பெரிய படங்களே இந்த இடத்தில் தடுக்கி விழுந்து எழுந்திருக்கின்றன. 1993 நவம்பரில் 'டாய் ஸ்டோரி'யின் ஸ்டோரி ரீலை பிக்சார் டிஸ்னிக்குப் போட்டுக் காட்டியபோது, நாயகப் பொம்மை உட்டி மற்ற பொம்மைகளை அதட்டி மிரட்டும் ஆளாக இருந்தான். தயாரிப்பையே நிறுத்திவைத்தார்கள். அந்த ரீலில், புதிதாக வந்த பொம்மையான பஸ் லைட்இயரை உட்டி வேண்டுமென்றே ஜன்னலுக்கு வெளியே தள்ளுகிறான். 1995இல் வெளிவந்த படத்தில், பஸ் மேசைக்குப் பின்னால் விழுந்தால் போதும் என்று நினைத்துச் செய்வது கைமீறி ஜன்னலுக்கு வெளியே போய்விடுகிறது. நடப்பது ஏறத்தாழ அதேதான். கெட்ட எண்ணத்தின் அளவு குறைந்திருக்கிறது, தன் இடம் போய்விடுமோ என்ற பயம் முன்னால் வந்திருக்கிறது. அதேபோல 'ஃபைண்டிங் நீமோ'வில் அப்பா மீன் மார்லினின் இழப்பை முதலில் நினைவுக் காட்சிகளாகப் படம் நெடுகத் தூவி வைத்திருந்தார்கள். காரணம் தெரியாததால் அவன் சும்மா நச்சரிக்கும் அப்பாவாகத் தெரிந்தான். அதைப் படத்தின் தொடக்கத்துக்கு நகர்த்தியதும் அந்த நச்சரிப்பே வேறு மாதிரிக் கேட்டது.

உங்களுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள இரண்டு உண்டு. முகிலுக்கு என்ன பயம், என்ன குறை என்பது அவன் சக்தியைக் காட்டும் முதல் ஷாட்டுக்கு முன்பே தெரிய வேண்டும். 30 முதல் 40 நொடி போதும். அடுத்து, அவன் செய்யும் தப்பு அறியாமையால் வரட்டும். திமிரால் வர வேண்டாம்.

வசனத்துக்கு ஒரு கைவேலை. முகில் பேசும் வரிகளை மட்டும் அச்செடுத்து, நான்கு நிறப் பேனாவால் அடிக்கோடிடுங்கள்: ஆணை, பெருமை, கேள்வி, உதவி கேட்பது. இணைத்திருக்கும் ஷாட்களில் நான் பார்த்த வரிகள் அத்தனையும் முதல் இரண்டு நிறத்தில்தான் விழும். ஒன்பது வயசுப் பிள்ளை கேள்வி கேட்காமல் இரண்டு நிமிடம் இருக்காது. முதல் பாதியில் பெருமை பேசும் வரி ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றதைக் கேள்வியாக மாற்றுங்கள். "நான் பாத்துக்கறேன், தள்ளு!" என்பதை "இத நிறுத்த முடியுமா?" என்று எழுதினால் ஷாட்டை மாற்ற வேண்டியதில்லை.

கன்றின் காதைத் திருகுவதை எடுத்துவிடுவது ஒரு வழி. அதைவிட நல்ல வழி, ஒரே ஒருமுறை வைத்துக்கொண்டு, அடுத்த முறை அவன் கூப்பிடும்போது கன்று வராமல் இருப்பது. அடுத்த காட்சிக்குள்ளேயே அது நடந்துவிட வேண்டும், ஐந்து நிமிடம் தள்ளிப் போட்டால் சின்னக் குழந்தைகளுக்கு இரண்டும் ஒட்டாது.

இதையெல்லாம் இப்போதே செய்துவிடுங்கள். முதல் 4 நிமிடம் இன்னும் பென்சில் கோடுதான். வரைந்து முடித்த பிறகு மாற்றினால் 240 நொடி, 5,760 ஃப்ரேம், இரண்டுக்கு ஒன்று என்றாலும் 2,880 படம்.

கோட்டுருவம் (ஊட்டி)

மாடல் ஷீட் பார்த்தேன். பையனின் இயல்பு முகமே ஒரு புருவம் தூக்கி, வாயில் ஒரு ஓரம் மட்டும் சிரிப்பு. மேல் இமை கருவிழியின் மேல் மூன்றில் ஒரு பங்கை மறைக்கிறது. முகவாய் மேலே தூக்கியிருக்கிறது. இந்த நான்கில் ஒவ்வொன்றும் தனியாக வந்தால் குற்றமில்லை. நான்கும் சேர்ந்து, அதுவும் இயல்பு முகமாக இருந்தால், கண்ணாடி முன்னால் நிற்கும் மாப்பிள்ளை மாதிரி இருக்கும். வசனத்தை எவ்வளவு இளக்கினாலும் முகம் விட்டுக்கொடுக்காது.

இயல்பு முகத்தில் புருவங்கள் ஒரே மட்டத்தில், உள்முனை கொஞ்சம் மேலே. மேல் இமை கருவிழியின் விளிம்பைத் தொட்டால் போதும். கண்களை முகத்தின் நடுக்கோட்டுக்குக் கீழே இறக்குங்கள், நெற்றி பெரிதாகும், வயசு குறையும். இப்போது கண் நடுக்கோட்டுக்கு மேலே இருப்பதால் பையன் குள்ளமான பெரிய ஆளாகத் தெரிகிறான். தோள் அகலத்தையும் குறையுங்கள். தலையின் அகலத்தைவிடத் தோள் பெரிதாகத் தாண்டக் கூடாது. உயரம் நான்கு தலை அளவு இருந்தால் போதும். அந்த ஓரச் சிரிப்பை அழித்துவிட வேண்டாம், படம் முழுக்க இரண்டே இடத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

கேமரா. இணைத்த ஷாட்களில் முக்கால்வாசி கீழிருந்து மேலே பார்க்கிறது. சூப்பர் ஹீரோ படம் என்றாலே இப்படித்தான் என்று பழகிவிட்ட கோணம். வளர்ந்த ஆளுக்கு அது கம்பீரம், சிறுவனுக்குத் தலைக்கனம். 9 வயசுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 1.2 மீட்டரில் இருக்கும். பிளெண்டர் கேமராவை அந்த உயரத்தில் நட்டு வையுங்கள். பெரியவர்களின் தலை ஃப்ரேமுக்கு வெளியே போகும், போகட்டும். பாட்டியின் கையும் இடுப்பில் தொங்கும் கொழுந்துப் பையும் மட்டும் தெரிகிற ஷாட்டில் பையன் தானாகச் சின்னவனாகிவிடுவான்.

அசைவில் ஒன்று குறைகிறது: அவனுக்குக் கஷ்டமே இல்லை. கையை நீட்டுகிறான், பனி வருகிறது. நீட்டும் முன் 4 முதல் 6 ஃப்ரேம் உடம்பைப் பின்னுக்கு இழுக்கும் தயாரிப்பு வேண்டும். இழுத்த பிறகு 8 முதல் 12 ஃப்ரேம் தடுமாற்றம்: ஒரு கால் பின்னே போவது, மூச்சு வாங்குவது, கை நடுங்குவது. முதல் தடவை அது பாதியில் அறுந்து போகட்டும். 'ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்' படத்தில் காட்டுக்குள் நடக்கும் காட்சியில் அனுபவசாலியான பீட்டரை ஃப்ரேமுக்கு ஒரு படமாகவும், புதியவன் மைல்ஸை இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு படமாகவும் அசைத்திருப்பார்கள். வார்த்தை இல்லாமலே யார் தடுமாறுகிறான் என்று தெரியும். உங்கள் படமே இரண்டுக்கு ஒன்று என்பதால், முதல் பாதியில் முகிலின் சக்தி ஷாட்களை மூன்றுக்கு ஒன்றாக்குங்கள், படங்களும் மிச்சம். கடைசியில் அவன் சரியாகச் செய்யும் ஒரே ஒரு ஷாட்டுக்கு மட்டும் ஃப்ரேமுக்கு ஒன்று வரையுங்கள். கன்றையும் மற்றவர்களையும் எப்போதும் இரண்டிலேயே விடுங்கள், இல்லாவிட்டால் ஒப்பீடு தெரியாது.

கன்றின் நிறமும் தப்பு. கறுப்பாகப் போட்டிருக்கிறீர்கள். காட்டெருமைக் கன்று பிறக்கும்போது வெளிர் பொன்னிறம், வளர வளரப் பழுப்பாகும். கறுப்பு என்பது வளர்ந்த கிடாவுக்கு. முழங்காலுக்குக் கீழே வெள்ளை மறக்க வேண்டாம். குன்னூர்ப் பிள்ளைகள் தேயிலைக்குள் தினமும் பார்க்கிறவர்கள், உடனே பிடித்துவிடுவார்கள். தாய் மாடு எப்போதும் தூரத்தில் ஒரு ஷாட்டிலாவது தெரியட்டும். கன்றிடம் போய்த் தொடலாம் என்று மலைப் பிள்ளைகளுக்குப் படம் சொல்லிக் கொடுத்துவிடக் கூடாது.

பல்சக்கரம் (வெலிங்டன்)

ரயில் காட்சியைக் காப்பாற்றலாம். ஆனால் இப்போது இருக்கிறபடி விட்டால் இந்த மலைக்காரர் யாரும் ஏற்க மாட்டார்கள்.

நம்ம வண்டி மேலே ஏறும்போது எஞ்சின் பின்னால், கீழ்ப்பக்கத்தில் இருந்து தள்ளும். நீங்கள் வரைந்திருப்பதில் முன்னால் இருந்து இழுக்கிறது. கல்லாறு முதல் குன்னூர் வரைதான் பல்சக்கரப் பாதை, அதில் மிகச் செங்குத்தான ஏற்றம் 12க்கு 1, அதாவது 12 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரம். அந்த ஏற்றத்தில் எஞ்சின் கீழ்ப்பக்கம் நிற்பதே பாதுகாப்பு: ஒருவேளை இணைப்பு விட்டாலும் பெட்டிகள் எஞ்சினை விட்டு ஓட முடியாது. இதைச் சரிசெய்ய வண்டியைத் திரும்ப வரைய வேண்டாம். கதையில் வண்டி இறங்குகிறது என்று மாற்றிவிடுங்கள். இறங்கும்போதும் எஞ்சின் கீழ்ப்பக்கம்தான், அதாவது முன்னால். வரைந்த வண்டியை அப்படியே வைத்துக்கொண்டு பின்னணியின் சரிவை மட்டும் மறுபக்கம் சாயுங்கள். 12க்கு 1 என்றால் 5 பாகைக்குக் கொஞ்சம் குறைவு. இப்போது பின்னணியில் இருப்பது 20 பாகை இருக்கும், அது மலை ரயில் இல்லை, மாடிப்படி.

வேகம். பல்சக்கரப் பகுதியில் வண்டி மணிக்கு 13 கி.மீ. அளவில்தான் போகும். நொடிக்கு 3.6 மீட்டர். ஃப்ரேமுக்கு 15 செ.மீ., உங்கள் கணக்கில் படத்துக்குப் படம் 30 செ.மீ. ரீலில் அம்பு மாதிரிப் பறக்கிறது. மெதுவாகப் போனால் விறுவிறுப்பு போய்விடும் என்று குழு நினைத்திருக்கலாம். மண்சரிவு எங்கே என்று பார்ப்பவருக்குத் தெரியும், வண்டி ஓட்டுபவருக்குத் தெரியாது, வண்டி ஆற அமர வந்துகொண்டே இருக்கிறது. பறக்கிற வண்டியைவிட இதில்தான் குழந்தைகள் நகம் கடிப்பார்கள்.

இனி முக்கியமான இடம். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் (பிரேக் போடும் ஊழியர்) வெளியே நிற்பார், கொடி காட்டி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். ரீலில் அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு பையனை வேடிக்கை பார்க்கிறார்கள். பையன் மேல் கோபம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தினமும் அந்த வண்டியைக் காக்கும் ஆட்களை மடையர்களாக்கி அவனைப் பெரியவனாக்குகிறது படம். யோசித்துப் பாருங்கள், அடர்ந்த மூடுபனியில் கொடி தெரியாது. ஓட்டுபவருக்கு எதிரே விழுந்து கிடக்கும் மண் தெரியாது. பனியைக் கூட்டிச் சுவர் எழுப்புவது அங்கே உதவியே அல்ல, இடைஞ்சல். அவன் செய்ய வேண்டியது பனியை விலக்குவது. விலகியதும் கொடி தெரிகிறது, விசில் கேட்கிறது, பிரேக்ஸ்மேன்கள் ஒவ்வொருவராக பிரேக் போடுகிறார்கள், வண்டி நிற்கிறது. வண்டியை நிறுத்தியது அவர்கள். பார்க்க வைத்தது பையன்.

இதற்கு ஒரு விலையும் இருக்கிறது, அதுவும் நம்ம ஊர் விலை. மூடுபனி இருக்கும் இரவில் உறைபனி விழாது. தரையிலிருந்து மேலே போகும் வெப்பத்தைப் பனிமூட்டம் பிடித்துத் திருப்பி அனுப்பும். வானம் திறந்து, காற்றும் அடங்கிய இரவில் அந்த வெப்பம் நேரே மேலே போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். விடியும்போது பள்ளத்துச் செடியில் வெள்ளையாக உறைபனி. வெயில் பட்டதும் கொழுந்து கருகிப் பழுப்பாகும். மேட்டில் இருப்பவன் தப்பிப்பான், பள்ளத்தில் இருப்பவனுக்கு வாரக்கணக்கில் பறிக்க இலை இருக்காது. ஆக, முகில் பகலில் பனியை விரட்டினால் அன்று இரவு அந்தப் பள்ளத்தில் உறைபனி. இதையே சக்தியின் விதியாக வைத்துக்கொள்ளுங்கள்: விரட்டிய பனி மறுநாள் வரை திரும்பாது.

முதல் 4 நிமிடத்தில் அவன் விளையாட்டாகப் பனியை விரட்டுகிறான், மறுநாள் காலை பக்கத்து வீட்டுக்காரரின் தோட்டம் கருகிக் கிடக்கிறது. அவனுக்கு ஏன் என்று தெரியாது, பாட்டி சொல்லித்தான் புரிகிறது. கதைப்பலகை கேட்ட அறியாமையால் வரும் தப்பு இதுதான். கடைசியில் ரயிலுக்காக விரட்டும்போது அவனுக்குத் தெரியும், அன்று இரவு பாட்டியின் அரை ஏக்கர் போகும் என்று. பாட்டியின் தோட்டத்தைப் பள்ளத்தில் வரையுங்கள், இப்போது மேட்டில் இருக்கிறது.

காலமும் இடிக்காது. குன்னூர், மேட்டுப்பாளையம் பக்கச் சரிவில் மண் சரிவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையில். உறைபனிக் காலம் பிப்ரவரி வரை நீளும். டிசம்பர் தொடக்கம் என்று வைத்தால் மழை விட்டு வானம் திறக்கும் நாளில் இரண்டும் சேரும். வண்டி இறங்குவது பிற்பகல், ஆகவே இரவுக் காட்சிக்குத் தாவ ஒரு வெட்டுப் போதும். இடத்துக்குக் குன்னூரை ஒட்டிய பாதையை எடுத்துக்கொள்ளலாம்.

சீகை (ஊட்டி)

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். தோடர் கோயிலுக்குள் பையன் புகுவது வேண்டவே வேண்டாம். அதற்குள் போவதற்கு அவர்களிடமே கடுமையான நெறிகள் உண்டு. பூசை செய்பவரைத் தவிர வேறு யாரும் நுழைவதில்லை. ஒரு சிறுவன் புகுந்து, கல்லைத் தொட்டு, சக்தியை எடுத்துக்கொண்டு வெளியே வருவதைப் படம் வீரமாகக் காட்டுகிறது. அந்த மக்களுக்கு அது நெஞ்சில் குத்தும். கதைக்கும் கேடு, அடுத்தவர் வீட்டுப் பொருளில் வந்த சக்தி அவனுக்கு.

சக்தி எப்படி வந்தது என்று சொல்லியே ஆக வேண்டியதில்லை. விடிகாலையில் செடிகள் மேல் மூடிய பெரணித் தழையையும் காய்ந்த புல்லையும் விலக்குவது அவன் வீட்டு வேலை. வெயில் வருவதற்குள் தண்ணீர் தெளிப்பதும் அவன்தான். அந்த வேலையில், கை விறைத்து நிற்கும்போது ஒருநாள் பனி அவன் கையசைவுக்கு நகர்கிறது. அவ்வளவு போதும். வேலை செய்யும் பிள்ளை என்று முதல் ஷாட்டிலேயே தெரிந்துவிடும். உறைபனி என்றால் என்ன என்பதும் அங்கேயே சொல்லியாகிவிடும், பின்னால் யாரும் வசனத்தில் விளக்க வேண்டாம்.

வெட்டுமேசை (குன்னூர்)

எல்லாருக்கும் நன்றி. பல்சக்கரம் சொன்ன மாற்றத்தைக் குழு ஏற்றுக்கொண்டது, கோயில் காட்சியும் போயாச்சு. ஒலியை அணைத்துப் பார்த்தேன், முகம் நிச்சயமாகக் கோளாறு. குரலை மட்டும் கேட்டால் அதைவிட மோசம். தற்காலிகக் குரல் வயது வந்த ஒரு பெண்ணுடையது, மென்பொருளில் சுருதி ஏற்றியது. ரயில் காட்சியில் பனி சேரும் ஷாட்கள் எட்டு இருக்கின்றன, அவற்றை விலகும் ஷாட்களாக மாற்ற எளிய வழி உண்டா? குரலை மாற்றினால் வரைந்த வாயசைவு என்ன ஆகும்?

கோட்டுருவம் (ஊட்டி)

பனி தனி லேயரில் இருந்தால் அந்த லேயரை மட்டும் பின்னோக்கி ஓட்டுங்கள். சேரும் பனி விலகும். வேகத்தை மட்டும் சரிபாருங்கள். சேரும்போது முதலில் மெதுவாகவும் கடைசியில் வேகமாகவும் வரைந்திருப்பார்கள், திருப்பினால் வெடித்து விலகும். தொடக்கத்தில் சில படங்களை மூன்று ஃப்ரேமுக்கு நீட்டினால் அடங்கும். பையனின் லேயரையும் திருப்பலாம், உள்ளே இழுத்த கை வெளியே தள்ளும். முடியும் சட்டையும் பறக்கிற ஷாட்களில் மட்டும் திருப்பக் கூடாது. துணி கைக்கு முன்னால் ஓடும், காரணம் தெரியாமலே கண் உறுத்தும். அந்த ஷாட்களுக்கு உடம்பைப் புதிதாக வரைந்துவிடுங்கள். சுவர் எழும்பும் ஷாட் இரண்டையும் வெட்டிவிட்டு, அந்த இடத்தில் பிரேக்ஸ்மேன் கையும் கொடியும் நெருக்கத்தில். கை மட்டும் என்பதால் வரைய அதிக நேரம் பிடிக்காது.

ஒலிவாங்கி (கோத்தகிரி)

சுருதி ஏற்றிய குரலைத் தூக்கிவிடுங்கள். இரண்டு மூன்று அரைச்சுருதிக்கு மேலே ஏற்றினால் குரலின் ஒலிநிறமும் சேர்ந்து ஏறி, பொம்மைக் குரலாகிவிடும். ஒலிநிறத்தைத் தொடாமல் சுருதியை மட்டும் ஏற்றும் வசதி மென்பொருளில் இருந்தாலும், பெரியவர் பேசும் நிறுத்தமும் அழுத்தமும் அப்படியே நிற்கும். உங்கள் பையன் அகம்பாவியாகக் கேட்பதற்கு அந்த நிறுத்தம்தான் காரணம்: ஒவ்வொரு வரியின் முடிவிலும் கைதட்டலுக்கு இடம் விட்டுப் பேசுகிறார்.

9, 10 வயசுப் பிள்ளையையே பேச வையுங்கள். தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டாம். வரியை ஒருமுறை சொல்லிக் காட்டி, அவர்கள் பாணியில் சொல்லச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் 40 நிமிடத்துக்கு மேல் போனால் குரல் தட்டையாகும். ஓடி வந்து பேசும் வரிக்கு நிஜமாகவே ஓட வையுங்கள். 'தி இன்க்ரெடிபிள்ஸ்' படத்தில் டாஷுக்குக் குரல் கொடுத்த சிறுவனை மூச்சிரைப்புக்காக ஸ்டுடியோவைச் சுற்றி ஓடவைத்துத்தான் பதிவு செய்தார்கள். பேச்சையும் முடிவு செய்யுங்கள்: வீட்டில் படுகு (படுகர் மொழி) பேசும் பிள்ளையா, தமிழ் பேசும் பிள்ளையா? இப்போது ரீலில் இருப்பது டப்பிங் தமிழ். "நான் இருக்கும்வரை உங்களை யாராலும் நெருங்க முடியாது" என்று எந்தக் குன்னூர்ப் பையனும் பேசியதில்லை.

பதிவுக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். தகரக் கூரை வீடு வேண்டாம், தூறலே பதிவைக் கெடுத்துவிடும். கான்கிரீட் கூரை, சின்ன அறை, சுவருக்கு ஒரு கை இடைவெளி விட்டுத் தொங்கும் கம்பளி. சுவரோடு ஒட்டினால் பாதிப் பயன்தான். கண்டென்சர் மைக்கைப் பையிலிருந்து எடுத்ததும் போட வேண்டாம். குளிரில் இருந்து அறைக்குள் வந்தால் ஈரம் படிந்து பொரியும், அரை மணி நேரம் அறைக்குள்ளேயே வைத்துவிட்டுப் பிறகு இணைக்கவும். வைக்கும் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்.

வாயசைவுக்கு ரூபார்ப் லிப் சிங்க் என்ற மென்பொருள் போதும், இலவசம். இயல்பாக அது ஆங்கிலத்துக்கான அறிதல் முறையில் ஓடும், தமிழுக்கு 'ஃபோனெடிக்' முறைக்கு மாற்ற வேண்டும். ஆறு அடிப்படை வாய்வடிவம் தரும், விரும்பினால் மேலும் மூன்று. வந்ததை அப்படியே நம்ப வேண்டாம். ப, ம வரும் இடமெல்லாம் உதடு மூடியிருக்கிறதா என்று கையால் பாருங்கள். மூடிய வாய் ஒரே ஃப்ரேமில் வந்தால் இரண்டுக்கு ஒன்று வரையும்போது அது விழுங்கப்பட்டுவிடும், இரண்டு ஃப்ரேமாக நீட்டுங்கள். ப்ப, ம்ம என்று இரட்டித்தால் நான்கு. வாய் மூடுவது ஒலிக்கு ஒரு ஃப்ரேம் முன்னால் இருந்தால் இயல்பாக இருக்கும், பின்னால் போனால் உடனே உறுத்தும். ரயில் காட்சியில் வாய் தனி லேயர் என்றால் அந்த லேயரை மட்டும் மாற்றுங்கள். பையன் முதுகு காட்டும் ஷாட்டிலும் தூரத்து ஷாட்டிலும் எதையும் தொட வேண்டாம், புது வரியை மேலே போட்டால் முடிந்தது.

கதைப்பலகை (கொடைக்கானல்)

ஒரு எச்சரிக்கை. இத்தனை திருத்தத்தையும் சேர்த்துச் செய்யும்போது பையனைச் சாமியாராக்கிவிடாதீர்கள். அவன் பொறாமைப்படட்டும், பாட்டியிடம் பொய் சொல்லட்டும். தோட்டம் கருகியதற்குத் தான்தான் காரணம் என்று தெரிந்தும் ஒரு காட்சி முழுக்கச் சொல்லாமல் மறைக்கட்டும். குழந்தைகள் அந்த இடத்தில் அவனோடு சேர்ந்து பயப்படுவார்கள். கோட்டுருவம் சொன்ன ஓரச் சிரிப்பை ஒதுக்க வேண்டிய இரண்டு இடத்தில் ஒன்று, பனி முதல்முதலில் நகரும்போது. அங்கே அவன் பெருமைப்படாவிட்டால்தான் பொய்யாக இருக்கும்.

மறுபடி போட்டுக் காட்டும்போது முன்பு பார்த்த பிள்ளைகள் வேண்டாம். குழுவினரின் பிள்ளைகளும் வேண்டாம். 6 முதல் 10 வயது, எட்டுப் பத்துப் பேர், பெற்றோர் அறைக்கு வெளியே. "பிடிச்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். படம் முடிந்ததும் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். முகிலைப் பெயர் சொல்லிச் சொல்கிறார்களா, "அந்தப் பையன்" என்கிறார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தைகளின் முகத்தை மட்டும் பார்த்து, நிமிடக் கோடு போட்ட தாளில் நெளியும் இடத்தையும் சிரிக்கும் இடத்தையும் புள்ளி வைக்கட்டும். இப்படி இரண்டு முறை போட்டுக் காட்டியும் புள்ளிகள் ஒரே நிமிடத்தில் விழுந்தால் அந்த ஷாட்டை மட்டும் திறந்து வேலை செய்யுங்கள், மற்றதைத் தொட வேண்டாம். முதல் 4 நிமிடத்தின் புது வரைவு முடிந்ததும் வண்ணம் போடும் முன் இங்கே போடுங்கள், நான்கு நிறப் பேனாவால் குறித்த வசனத் தாளையும் சேர்த்து.